ஸ்பானிய மொழியில் ஏவல்: ஒழுங்கான வினைகளைக் கொண்டு 'செய்', 'செய்யுங்கள்' சொல்லும் முழு வழிகாட்டி

'தோம', 'கோம' என்ற இரண்டு சொற்களைப் பாருங்கள். இரண்டும் ஸ்பானிய மொழியில் ஏவல்கள். இரண்டும் ஒரே ஓசையில் முடிகின்றன. முதலாவது நண்பனிடம் சொல்லும் 'எடுத்துக்கொள்'. இரண்டாவது பெரியவரிடம் சொல்லும் 'சாப்பிடுங்கள்'. கடைசி ஓசையை வைத்து மரியாதையைக் கண்டுபிடிக்கப் போனால் ஏமாந்துதான் போவோம்.

புதிதாகப் படிக்கிறவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இங்கேதான். விகுதி எல்லாம் மனப்பாடமாக இருக்கும், ஆனால் எந்த வரிசையில் யோசிப்பது என்று தெரியாது. யாரிடம் பேசுகிறோம், வினை எந்தக் குழு, எந்த வடிவத்திலிருந்து கிளம்புகிறோம், அப்புறம் விகுதி, கடைசியில் ஒட்டுச்சொல் ('அதை', 'எனக்கு' போன்று வினையோடு ஒட்டும் சிறு சொல்). கீழே உள்ள படிகள் இந்த வரிசையில்தான் போகின்றன. ஒன்றைத் தாண்டி அடுத்ததற்குப் போகாதீர்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

நிகழ்காலத்தில் 'நான் பேசுகிறேன்', 'அவர் பேசுகிறார்' ஆகிய இரண்டு வடிவங்களாவது தெரிந்திருக்க வேண்டும். ஏவல் அவற்றிலிருந்துதான் பிறக்கிறது. நிகழ்காலம் இன்னும் ஆட்டம் காண்கிறது என்றால் முதலில் அதை உறுதிப்படுத்திக்கொண்டு வாருங்கள்.

இங்கே ஸ்பானியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் தருகிறேன். ஒன்றுக்கு மேற்பட்ட அசை உள்ள சொல்லில் நெடில் எங்கே வருகிறதோ, அங்கேதான் குரல் அழுத்தம் விழும். 'ஆப்ல' என்றால் முதல் அசையில் அழுத்தம், 'அப்லா' என்றால் கடைசி அசையில். இந்த ஒரு வேறுபாட்டை நம்பித்தான் பின்னால் பல விஷயங்கள் வருகின்றன, அதனால் குறில் நெடிலைக் கவனித்துப் படியுங்கள்.

ஸ்பானிய எழுத்தில் ஹெச் இருந்தாலும் அது ஒலிக்காது. இங்கே நான் 'ஹ' என்று எழுதுவது ஹெச் அல்ல, ஜே எழுத்தின் ஒலி. பி, வி இரண்டுக்கும் ஒரே ஒலிதான். அதைப் 'பஸ்' என்பதில் வரும் ப போலப் படியுங்கள். துல்லியமான உச்சரிப்புக்கு எப்படியும் ஒலிப்பதிவைக் கேட்டாக வேண்டும்.

2. முதல் கேள்வி: எதிரே இருப்பவர் யார்?

வினையைத் தொடுவதற்கு முன்பே இதை முடிவு செய்யுங்கள். நீ, நீங்கள் என்று பிரித்துப் பேசிப் பழகிய நமக்கு இது எளிது என்று தோன்றும். பாதி உண்மை. மீதிப் பாதியில்தான் தவறு நடக்கிறது.

'தூ' என்றால் நீ. 'உஸ்தேத்' என்றால் மரியாதையான நீங்கள், ஆனால் ஒரே ஒருவர். 'உஸ்தேதெஸ்' என்றால் பலர். தமிழில் ஒரு பெரியவருக்கும் 'வாங்க', பத்துப் பேருக்கும் 'வாங்க'. அந்தப் பழக்கத்தில், எதிரே இருக்கும் ஒரே ஒரு மூதாட்டியிடம் பலருக்கான வடிவத்தைச் சொல்லிவிடுகிறோம். அவர் தனக்குப் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்ப்பார். ஒருவர் என்றால் எவ்வளவு மரியாதை கொடுத்தாலும் ஒருமைதான்.

இடத்தைப் பொறுத்தும் மாறும். ஸ்பெயினில் கடையில் நிற்பவரிடம்கூடத் 'தூ' சாதாரணம். கொலம்பியாவின் பொகோத்தா பக்கம் வீட்டுக்குள்ளேயே, நண்பர்களிடமே 'உஸ்தேத்' புழங்கும். சந்தேகம் வந்தால், குறிப்பாக லத்தீன் அமெரிக்காவில், 'உஸ்தேத்' சொல்லுங்கள். அதிக மரியாதையால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

நண்பர்கள் கூட்டத்துக்கு ஸ்பெயினில் மட்டும் 'பொஸோத்ரொஸ்' என்று தனி வடிவம் உண்டு. அர்ஜென்டினா, உருகுவே, பராகுவே, மத்திய அமெரிக்காவின் பெரும்பகுதி ஆகிய இடங்களில் 'தூ'வுக்குப் பதிலாகப் 'போஸ்' கேட்கும். இவ்விரண்டையும் 8ஆம் படியில் பார்ப்போம். நீங்கள் பேசப்போகும் நாட்டில் இவை இல்லையென்றால் அந்தப் படியைத் தாராளமாகத் தள்ளிவைக்கலாம்.

3. இரண்டாவது கேள்வி: வினை எந்தக் குழு?

அகராதியில் இருக்கும் மூல வடிவத்தைப் பாருங்கள். அது 'ஆர்', 'ஏர்', 'ஈர்' என்ற மூன்றில் ஒன்றில் முடியும்.

ஆர்: அப்லார் (பேச), தொமார் (எடுக்க, குடிக்க), எஸ்பெரார் (காத்திருக்க)
ஏர்: கொமேர் (சாப்பிட), கொர்ரேர் (ஓட)
ஈர்: எஸ்க்ரிபீர் (எழுத), அப்ரீர் (திறக்க), ஸுபீர் (ஏற)

இதைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் பின்னால் திணறுகிறார்கள். புதுச் சொல்லைக் குறித்துவைக்கும்போதே மூல வடிவத்தோடு எழுதுங்கள். நோட்டில் 'ஆப்ல' என்று மட்டும் இருந்தால் ஒரு மாதம் கழித்து அது எந்தக் குழு என்று உங்களுக்கே தெரியாது. 'அப்லார்' என்று இருந்தால் மற்ற எல்லாவற்றையும் அதிலிருந்து வரவழைத்துக்கொள்ளலாம்.

ஏவலைப் பொறுத்தவரை 'ஏர்', 'ஈர்' குழுக்கள் கிட்டத்தட்ட ஒட்டிப் பிறந்தவை. தூ, உஸ்தேத், உஸ்தேதெஸ் மூன்றிலும் ஒரே விகுதிதான். ஆகவே நடைமுறையில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இது 'ஆர்' குழுவா, இல்லையா?

4. 'நான்' வடிவத்தை எழுதிக்கொள்ளுங்கள்

மூல வடிவத்தின் கடைசி இரண்டு எழுத்தை வெட்டி விகுதி சேர்த்தால் போதும் என்று பல பாடங்கள் சொல்லும். ஒழுங்கான வினைகளுக்கு எழுத்தில் அது வேலை செய்யும். ஆனால் மூல வடிவத்தில் அழுத்தம் கடைசியில் இருக்கிறது: அப்லார், கொமேர். அதிலிருந்து கிளம்பினால் வாய் அழுத்தத்தையும் கூடவே இழுத்துவரும். 'ஆப்லெ' என்று வர வேண்டியது 'அப்லே' ஆகிவிடும். அப்படி ஓர் இறந்தகாலச் சொல் இருக்கிறது. 'நான் பேசினேன்' என்று அதற்குப் பொருள்.

அதனால் 'நான்' வடிவத்திலிருந்து கிளம்புங்கள்:

அப்லார் – ஆப்லொ (பேசுகிறேன்)
கொமேர் – கோமொ (சாப்பிடுகிறேன்)
எஸ்க்ரிபீர் – எஸ்க்ரீபொ (எழுதுகிறேன்)

அழுத்தம் ஏற்கெனவே சரியான இடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது. இனிக் கடைசி 'ஒ'வை மட்டும் மாற்றினால் போதும். ஒழுங்கற்ற வினைகளுக்குப் போகும்போதும் இந்தப் பழக்கம்தான் கைகொடுக்கும், ஏனென்றால் அவற்றில் பலவும் 'நான்' வடிவத்திலேயே கோணலைக் காட்டிவிடும்.

5. 'தூ' ஏவல்: குழுவின் சொந்த உயிரெழுத்து

'ஆர்' குழுவா? கடைசி 'ஒ' போய் 'அ' வரும். மற்ற இரண்டா? 'எ' வரும்.

ஆப்லொ – ஆப்ல (பேசு)
கோமொ – கோமெ (சாப்பிடு)
எஸ்க்ரீபொ – எஸ்க்ரீபெ (எழுது)

இது 'அவர் பேசுகிறார்', 'அவர் சாப்பிடுகிறார்' என்ற வடிவமேதான். 'மரீய ஆப்ல' என்றால் மரியா பேசுகிறாள். 'மரீய, ஆப்ல' என்று நடுவில் நிறுத்திச் சொன்னால் மரியாவே பேசு. எழுத்தில் காற்புள்ளியும் பேச்சில் குரலும்தான் வேறுபடுத்துகின்றன. ஏவலில் 'தூ' என்ற சொல்லைப் பொதுவாகச் சொல்ல மாட்டார்கள். தமிழிலும் 'நீ உட்கார்' என்பதைவிட 'உட்கார்' தானே இயல்பு?

இங்கே வரும் தவறு: 'நீ பேசுகிறாய்' என்பது 'ஆப்லஸ்' என்பதால், நீ என்றாலே ஸ் போட்டுப் பழகிய வாய் 'ஆப்லஸ்' என்றே ஏவும். கேட்பவர் அதைக் கட்டளையாக எடுக்க மாட்டார், நீங்கள் ஏதோ தகவல் சொல்கிறீர்கள் என்று நினைப்பார். 'தூ' ஏவலில் ஸ் கிடையாது.

6. 'உஸ்தேத்', 'உஸ்தேதெஸ்': உயிரெழுத்து இடம் மாறும்

மரியாதை வேண்டுமென்றால் குழுக்கள் உயிரெழுத்தைத் தங்களுக்குள் மாற்றிக்கொள்கின்றன. 'ஆர்' குழு 'எ' எடுக்கும், மற்ற இரண்டும் 'அ' எடுக்கும்.

ஆப்லொ – ஆப்லெ (பேசுங்கள்)
கோமொ – கோம (சாப்பிடுங்கள்)
எஸ்க்ரீபொ – எஸ்க்ரீப (எழுதுங்கள்)

பலர் இருந்தால் ஒரு ன் சேருங்கள்: ஆப்லென், கோமன், எஸ்க்ரீபன். அவ்வளவுதான்.

தமிழில் மரியாதை என்பது கூட்டல்: பேசு என்பதோடு 'ங்கள்' சேர்ந்தால் பேசுங்கள். ஸ்பானிய மொழியில் எதையும் கூட்டுவதில்லை, உள்ளே இருப்பதை மாற்றுகிறார்கள். இதனால்தான் தொடக்கத்தில் பார்த்த 'தோம', 'கோம' குழப்பம். தொமார் 'ஆர்' குழு, அதற்கு 'அ' சொந்தம், எனவே 'தோம' நீ. கொமேர் 'ஏர்' குழு, அதற்கு 'அ' கடன் வாங்கியது, எனவே 'கோம' நீங்கள். சொந்தமா கடனா என்று கேட்டுப் பழகினால் வாயில் தானாக வரும். விகுதிகளைத் தனியாகப் பட்டியலிட்டு மனப்பாடம் செய்வது இங்கே வீண் வேலை என்பது என் எண்ணம்.

ஊர் முழுக்க 'உஸ்தேத்' ஏவல்கள் எழுதி ஒட்டியிருக்கும், அவையே நல்ல பயிற்சி. கதவில் 'எம்பூஹெ' என்றிருந்தால் தள்ளுங்கள் (எம்புஹார்). மெக்ஸிகோவில் இழுக்க வேண்டிய கதவில் 'ஹாலெ' (ஹலார்), ஸ்பெயினில் அதற்கே 'தீரெ' (திரார்). ஏடிஎம் திரையில் 'இன்ஸேர்த்தெ ஸு தர்ஹேத்த', உங்கள் அட்டையைச் செருகுங்கள் (இன்ஸெர்த்தார்). அர்ஜென்டினா, கொலம்பியா, பெரு, சிலி சாலைகளில் சிவப்புப் பலகையில் 'பாரெ' என்றிருக்கும். அது நம் 'பாரேன்' அல்ல, 'நில்லுங்கள்' (பரார்). மெக்ஸிகோவில் அதே பலகையில் 'ஆல்த்தொ' என்று எழுதியிருப்பார்கள். அது வினையே அல்ல, இந்த விதிக்குள் தேடாதீர்கள்.

எல்லா அறிவிப்பும் ஏவலாக இருக்காது. சில கதவுகளில், பல சமையல் குறிப்புகளில் 'எம்புஹார்', 'கொர்த்தார்' என்று மூல வடிவமே நிற்கும். பலகையில் அது சரி. நேரில் ஒருவரிடம் அப்படிச் சொல்லாதீர்கள்.

7. ஓசை மாறாமல் இருக்க எழுத்தை மாற்றுதல்

இந்தப் படி கண்ணுக்கு மட்டும், காதுக்கு இல்லை. பேசும்போது இதை மறந்துவிடலாம், எழுதும்போது மறக்கக் கூடாது.

ஸ்பானிய எழுத்தில் 'சி', 'அ'வுக்கு முன்னால் க் என்றும் 'எ'வுக்கு முன்னால் ஸ் என்றும் ஒலிக்கும். புஸ்கார் (தேட) என்பதில் வருவது சி. 'உஸ்தேத்' ஏவலில் கடைசி உயிர் 'எ' ஆகிறது. சி-யை அப்படியே விட்டால் 'பூஸ்ஸெ' என்று படிக்க நேரிடும். 'பூஸ்கெ' என்ற ஒலியைக் காப்பாற்ற, சி-யை எடுத்துவிட்டு கியூ, யு என்ற இரண்டு எழுத்தைப் போடுவார்கள். தொலைபேசியில் 'மார்க்கெ ஊனொ' (ஒன்றை அழுத்துங்கள்) என்று கேட்பீர்களே, அதன் மூலம் மர்க்கார். அங்கேயும் இதே மாற்றம்.

கடைசிக் 'கார்' வன்மையாக இல்லாமல் மென்மையாக ஒலிக்கும் பகார் (பணம் செலுத்த) போன்றவற்றில் ஜி எழுத்துக்குப் பின்னால் ஒரு யு சேரும்: பாகெ. அந்த யு ஒலிக்காது. க்ருஸார் (கடக்க) போன்று இஸட் உள்ளவற்றில் இஸட் போய்ச் சி வரும்: க்ரூஸெ.

'தூ' வடிவத்தில் இந்த மாற்றம் வராது. பூஸ்க, பாக, க்ரூஸ எல்லாமே 'அ'வில் முடிவதால் பழைய எழுத்தே போதும். தேவை இல்லாத இடத்திலும் மாற்றிவைப்பது அடிக்கடி பார்க்கும் தவறு. கடைசி உயிர் மாறினால்தான் இந்த வேலை என்று நினைவில் வையுங்கள்.

ரெக்கொஹேர் (பொறுக்க, எடுத்துவர) போன்றவற்றில் ஜி எழுத்து ஜே ஆகும்: ரெக்கோஹ. ஆனால் 'நான்' வடிவமான ரெக்கோஹொவிலேயே ஜே வந்துவிடுகிறது. 4ஆம் படியைச் செய்திருந்தால் இது தானாகவே சரியாகியிருக்கும்.

8. ஸ்பெயின், அர்ஜென்டினா போகிறவர்களுக்கு

பொஸோத்ரொஸ், போஸ் இரண்டும் 'நான்' வடிவத்திலிருந்து வருவதில்லை. இவற்றுக்கு மூல வடிவத்துக்கே திரும்புங்கள், அழுத்தமும் அங்கேயே கடைசியில் நிற்கட்டும்.

பொஸோத்ரொஸ்: கடைசி ர் போய் த் வரும். அப்லாத், கொமேத், எஸ்க்ரிபீத். விதிவிலக்கே இல்லாத ஏவல் இது ஒன்றுதான். ஸ்பெயின் நாட்டுப் பேச்சில் பலர் த் போடாமல் 'அப்லார்' என்றே ஏவுவதைக் கேட்பீர்கள். புரிந்துகொள்ளுங்கள், தேர்வில் எழுதாதீர்கள்.

போஸ்: கடைசி ர் போகும், வேறு எதுவும் வராது. அப்லா, கொமே, எஸ்க்ரிபீ. எழுதும்போது கடைசி உயிரெழுத்தின் மேல் சாய்கோட்டுக் குறி போட வேண்டும்.

'தூ'வின் 'ஆப்ல', 'போஸ்'ஸின் 'அப்லா' இரண்டையும் உரக்கச் சொல்லிப் பாருங்கள். புவெனஸ் அயர்ஸில் முதலாவதைச் சொன்னாலும் புரியும், ஆனால் வெளியூர்க்காரர் என்று முகத்தில் எழுதி ஒட்டியது போல ஆகிவிடும்.

9. 'பேசுவோம், வாருங்கள்'

நம்மையும் சேர்த்துச் சொல்லும் ஏவல் இது. உஸ்தேத் வடிவத்தின் உயிரெழுத்தை எடுத்து 'மொஸ்' சேருங்கள்: அப்லேமொஸ், கொமாமொஸ், எஸ்க்ரிபாமொஸ். அழுத்தம் ஓர் அசை தள்ளி நிற்கும். 7ஆம் படியின் எழுத்து மாற்றம் இங்கேயும் உண்டு.

பேச்சில் இதைவிட 'பாமொஸ் அ அப்லார்' என்று மூல வடிவத்தோடு சொல்வதே அதிகம். தொடக்கத்தில் அதைப் பிடித்துக்கொண்டாலும் குறை இல்லை.

10. ஒட்டுச்சொற்கள்: அதை, எனக்கு, அவருக்கு

ஏவல் சரியாக வந்தபிறகுதான் இந்தப் படி. இரண்டையும் ஒரே நேரத்தில் யோசித்தால் இரண்டும் கெடும்.

தமிழில் 'அதைச் சாப்பிடு'. செயப்படுபொருள் முன்னால், வினை பின்னால். அந்தப் பழக்கத்தில் 'லொ கோமெ' என்று சொன்னால், 'அவர் அதைச் சாப்பிடுகிறார்' என்று பொருள் மாறிவிடும். உடன்பாட்டு ஏவலில் ஒட்டுச்சொல் வினையின் வாலில் ஒட்டும், எழுத்திலும் இடைவெளி இல்லாமல் ஒரே சொல்லாக:

கோமெ + லொ = கோமெலொ (அதைச் சாப்பிடு)
கோம + லொ = கோமலொ (அதைச் சாப்பிடுங்கள்)
கோமன் + லொ = கோமன்லொ (எல்லாரும் அதைச் சாப்பிடுங்கள்)
எஸ்க்ரீபெ + மெ = எஸ்க்ரீபெமெ (எனக்கு எழுது)

பெண்பாற் பொருள் என்றால் 'லொ' போய் 'ல'. கதவு ஸ்பானிய மொழியில் பெண்பால், எனவே 'அதைத் திற' என்பது 'ஆப்ரெல', 'அதைத் திறங்கள்' என்பது 'ஆப்ரல'. பாருங்கள், நடுவில் ஒளிந்திருக்கும் 'எ'யும் 'அ'வும்தான் மரியாதையைக் காட்டுகின்றன. வாலைச் சேர்க்கும் அவசரத்தில் இந்த உயிரெழுத்தை விழுங்கிவிடாதீர்கள்.

இரண்டு ஒட்டுச்சொல் வந்தால் 'யாருக்கு' முதலில், 'எதை' அடுத்து. தமிழின் 'எனக்கு அதை அனுப்பு' என்ற வரிசையேதான், அந்த ஜோடி மட்டும் அப்படியே வாலுக்குப் போகிறது. மந்தார் (அனுப்ப): மாந்த + மெ + லொ = மாந்தமெலொ. 'அவருக்கு' என்பது வழக்கமாக 'லெ', ஆனால் 'லொ', 'ல' போன்றவற்றுக்கு முன்னால் அது 'ஸெ' ஆகிவிடும். 'மாந்தலெலொ' என்று ஒரு சொல்லே கிடையாது, 'மாந்தஸெலொ'தான்.

இந்த மந்தாரின் உஸ்தேத் வடிவம் 'மாந்தெ'. மெக்ஸிகோவில் நீங்கள் சொன்னது காதில் விழாவிட்டால் 'மாந்தெ?' என்று கேட்பார்கள். எதையும் அனுப்பச் சொல்லவில்லை, 'என்ன சொன்னீங்க?' என்பதற்கான பணிவான கேள்வி அது.

11. சாய்கோட்டுக் குறி எங்கே, ஏன்

ஸ்பானிய எழுத்தில் உயிர், ன், ஸ் இவற்றில் முடியும் சொல்லுக்குக் குறி எதுவும் இல்லையென்றால், கடைசிக்கு முந்தைய அசையில் அழுத்தம். 'கோமெ' அப்படித்தான், குறி தேவையில்லை. அதோடு 'லொ' ஒட்டியதும் சொல் நீளுகிறது. குறி போடாமல் விட்டால் விதிப்படி 'கொமேலொ' என்று படிக்க வேண்டிவரும். அழுத்தம் பழைய இடத்திலேயே நிற்கிறது என்று காட்டத்தான் முதல் அசையின் உயிர் மேல் ஒரு கோடு.

ஆக, குறியை மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒட்டுவதற்கு முன் அழுத்தம் எங்கே இருந்தது என்று பாருங்கள், ஒட்டிய பிறகு கடைசியிலிருந்து அசைகளை எண்ணுங்கள். மூன்றாவது அல்லது அதற்கும் முன்னால் போய்விட்டால் குறி. கொமேத்லொவில் அழுத்தம் கடைசிக்கு முந்தைய அசையில் இருக்கிறது, குறி வேண்டாம். போஸ் வடிவத்தில் கதை தலைகீழ்: தனியாக நிற்கும் 'அப்லா'வுக்குக் குறி உண்டு, 'அப்லாமெ' (என்னிடம் பேசு) என்று ஆனதும் குறி போய்விடும். தூ வடிவமான 'ஆப்லமெ'க்கோ ஒட்டிய பிறகுதான் குறி வருகிறது.

12. தன்னைத்தானே: கெதார்ஸெ வகை

மூல வடிவத்தின் வாலில் 'ஸெ' ஒட்டியிருக்கும் வினைகள் உண்டு. கெதார்ஸெ (இருக்க, தங்க) நல்ல எடுத்துக்காட்டு. 2020இல் கொரோனா ஊரடங்கின்போது ஸ்பெயினிலும் லத்தீன் அமெரிக்காவிலும் திரும்பிய பக்கமெல்லாம் கேட்ட வாசகம் 'கேதத்தெ என் காஸ', வீட்டிலேயே இரு.

'ஸெ'யைக் கழற்றி வையுங்கள், கெதார் என்று வைத்து ஏவலை உருவாக்குங்கள், பிறகு ஆளுக்கு ஏற்ற ஒட்டுச்சொல்லைச் சேருங்கள்:

தூ: கேத + தெ = கேதத்தெ
உஸ்தேத்: கேதெ + ஸெ = கேதெஸெ
உஸ்தேதெஸ்: கேதென் + ஸெ = கேதென்ஸெ
போஸ்: கெதா + தெ = கெதாத்தெ

உஸ்தேதெஸ் வடிவத்தில் ன் வினைக்குச் சொந்தம், அது நடுவில்தான் நிற்கும். கடைசியில் கொண்டுபோய் வைத்து 'கேதெஸென்' என்று சொல்வது தவறு. சில வட்டாரங்களில் ஸ்பானியர்களே அப்படிப் பேசுவதுண்டு, அதைக் கேட்டுப் பிடித்துக்கொள்ளாதீர்கள்.

இரண்டு இடத்தில் ஒரு மெய் உதிரும். பொஸோத்ரொஸில் 'ஒஸ்' ஒட்டும்போது த் காணாமல் போகும்: கெதாத் + ஒஸ் = கெதாஒஸ். 'மொஸ்' வடிவத்தில் 'நொஸ்' ஒட்டும்போது ஸ் காணாமல் போகும்: கெதேமொஸ் + நொஸ் = கெதேமொனொஸ். சொல்லிப் பார்த்தால் காரணம் நாக்குக்கே தெரியும்.

மருந்துப் புட்டிகளில் 'அஹீத்தெஸெ ஆந்த்தெஸ் தெ உஸார்' என்று அச்சிட்டிருப்பார்கள். பயன்படுத்தும் முன் குலுக்கவும் என்று பொருள். இங்கே 'ஸெ' உங்களைக் குறிக்கவில்லை, மருந்து குலுக்கப்படட்டும் என்பது போன்ற நடை. நீங்களே குலுங்க வேண்டியதில்லை!

13. ஒரு சமையல் குறிப்பைப் பிரித்துப் பார்ப்போம்

'கோர்த்தெ ல ஸெபோய, அஞாத எல் அஸேய்த்தெ, அக்ரேகெ ல ஸால், கூப்ர ல ஓய.' வெங்காயத்தை நறுக்குங்கள், எண்ணெய் சேருங்கள், உப்புப் போடுங்கள், பானையை மூடுங்கள்.

கோர்த்தெ, அக்ரேகெ இரண்டும் 'எ'. அஞாத, கூப்ர இரண்டும் 'அ'. எழுதியவர் நடுவில் மரியாதையை மாற்றிவிட்டாரா? இல்லை. கொர்த்தார், அக்ரெகார் ஆர் குழு. அஞதீர், குப்ரீர் ஈர் குழு. நான்குமே கடன் வாங்கிய உயிரெழுத்து, நான்குமே உஸ்தேத். அக்ரேகெ எழுத்தில் ஜிக்குப் பின் ஒரு யு ஒளிந்திருக்கிறது.

இதையே தம்பியிடம் சொல்வதானால்: கோர்த்த, அஞாதெ, அக்ரேக, கூப்ரெ. நான்கும் புரண்டுவிட்டன. ஒரு கூட்டத்துக்குச் சொல்வதானால்: கோர்த்தென், அஞாதன், அக்ரேகென், கூப்ரன்.

இனிப் பொருள்களின் பெயரை எடுத்துவிட்டு ஒட்டுச்சொல் போடுங்கள். வெங்காயம், உப்பு, பானை மூன்றும் பெண்பால், எண்ணெய் ஆண்பால். பெரியவரிடம்: கோர்த்தெல, அஞாதலொ, அக்ரேகெல, கூப்ரல. நான்கிலும் குறி வரும்.

தினம் ஒரு குறிப்பை இப்படிப் புரட்டினால் போதும். பாடப்புத்தகத்தின் கட்டம் போட்ட அட்டவணையை நிரப்புவதைவிட இது வேகமாக நாக்கில் ஏறும். 'பொர் ஃபபோர்' (தயவுசெய்து) சேர்த்தும் சொல்லிப் பழகுங்கள். வெறும் ஏவல் ஸ்பானிய மொழியில் நாம் பயப்படும் அளவுக்குக் கடுமையாக ஒலிக்காது, இருந்தாலும் அறிமுகமில்லாதவரிடம் அந்த இரண்டு சொல் நல்லது. எழுத்தில் குரலை உயர்த்த வேண்டுமென்றால் ஆச்சரியக்குறி இரண்டு, தொடக்கத்தில் வருவது தலைகீழாக.

14. இந்த விதிகள் செல்லாத இடங்கள்

'பேசாதே' என்பதற்கு 'ஆப்ல'வுக்கு முன்னால் 'நோ' போட்டால் வராது. 'நோ ஆப்ல' என்றால் 'அவர் பேசுவதில்லை'. மறுப்பு ஏவலில் 'நோ ஆப்லெஸ்' என்று வடிவமே மாறும், ஒட்டுச்சொல்லும் வாலிலிருந்து முன்னால் வந்துவிடும். உடன்பாடு கைக்கு வரும்வரை அதைத் தொடாதீர்கள்.

'தூ' வடிவத்தில் எட்டு வினைகள் விதியை மீறும்: தி (சொல்), ஆஸ் (செய்), பே (போ), போன் (வை), ஸால் (வெளியே வா), ஸே (இரு), தேன் (வைத்துக்கொள்), பேன் (வா). எல்லாமே ஓரசைச் சொற்கள், தினமும் தேவைப்படுபவை. இவற்றுக்கு மட்டும் மனப்பாடம்தான்.

நடு உயிரெழுத்து உடையும் வினைகளும் உண்டு. மூட என்பது ஸெர்ரார், ஆனால் 'மூடு' என்பது 'ஸியேர்ர'. இவற்றின் விகுதி மேலே சொன்னதுதான், பகுதி மட்டும் 'நான்' வடிவத்தில் எப்படி உடைகிறதோ அப்படியே வரும்: ஸியேர்ரொ, ஸியேர்ர, ஸியேர்ரெ. மூல வடிவத்திலிருந்து பிறக்கும் பொஸோத்ரொஸ், போஸ் வடிவங்களில் உடைசல் கிடையாது: ஸெர்ராத், ஸெர்ரா.